அரை அங்குலத் தகடு

28-8-64, வெள்ளி.

பட்டறைக் கூட்டாளி சேவியர் மெட்ராஸ் போய் வாங்கிவந்த புது டூல் போஸ்ட்டை, அதாவது வெட்டும் உளியைப் பிடித்து நிற்கும் கட்டையை, இன்று கடைசல் லேத்தில் பூட்டினேன். எவ்வளவு ஏற்றியும் டூல் முனை, சுழலும் இரும்பின் நடுமட்டமான சென்டருக்கு அரை அங்குலம் கீழேயே நின்றது. வேண்டுமென்றே சின்ன சைஸை வாங்கிவந்து மீதிப் பணத்தை அமுக்கிவிட்டாரோ? கேட்டேவிட்டேன்.

“நீங்க எழுதிக் கொடுத்த உயரத்துக்குத்தாங்க கேட்டு வாங்கினேன்,” என்றார்.

அவர் காட்டூர் பஸ் ஏறியதும், கழற்றி வைத்த பழைய போஸ்ட்டைப் புரட்டிப் பார்த்தேன். உயரம் பற்றவில்லை என்று எப்போதோ நானே அடியில் கொடுத்த அரை அங்குலத் தகடு, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேவியருக்கு உயரம் எழுதிக் கொடுத்த அன்று, தகட்டைச் சேர்க்காமல் அதற்கு மேலிருந்து அளந்து தொலைத்திருக்கிறேன்.

நாளை அவர் வருமுன் அதைப் புதியதன் அடியில் வைத்துவிட வேண்டும்.

ஆனால் நான் அளந்தபோது பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றவர் சேவியர்தான். தகடு அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?