வெறும் கதிரை

நவம்பர் 12, செவ்வாய்

இடுப்பு விட்டுப்போச்சு. வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றாமல் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றுக்கு இறங்கி, ஆடும் கதிரைக்குக் கைப்பிடிகளைப் பொருத்தி முடித்தேன். பக்கத்து நகரமான விட்பியில் இருக்கும் மகளுக்குத் தை மாதம் பிள்ளை கிடைக்கும். அதில் இருந்து ஆடியபடி, பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுக்க உதவும் என்று நானாகத் தொடங்கிய வேலை.

நேராக ஆடுகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்கக் கதிரையைக் கையால் ஒருமுறை தள்ளிவிட்டேன். தேத்தண்ணியோடு வந்த மனைவி, கோப்பையைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெறும் கதிரையை ஆட்டாதேங்கோ, பிள்ளைக்குக் கூடாது. வெறும் தொட்டிலை ஆரும் ஆட்டுவினமே?"

"இது கதிரையெல்லே. சரியா ஆடுதோ எண்டு பாக்க வேண்டாமே?"

"பிள்ளை பிறக்க முதல் ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொன்னனான். போன முறையும் நீங்கள்..."

போன முறை பிள்ளை தங்கவில்லை. அப்போது நான் ஆசையாக வாங்கிவந்த தொட்டில், பெட்டியும் பிரிக்காமல் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் கோபம்தான். மேலே போய்க் குளித்துவிட்டு, அணைக்க மறந்த லைற்றுக்காகத் திரும்பக் கீழே வந்தேன்.

கதிரையில் ஒரு பெரிய அரிசிப் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முழங்கால் வருத்தத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு எப்படிப் படியிறங்கினாளோ.

மெல்லத் தள்ளிப் பார்த்தேன். நேராகத்தான் ஆடுகிறது.