அப்பா படம் அனுப்பாத ஞாயிற்றுக்கிழமைகள்

அன்பு வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு வழக்கம்போல ஊர்க்கதைக்குப் போயிருப்பேன், ஆனால் போன வாரம் போனில் உன் குரல் சரியில்லை, அது என் காதிலேயே நிற்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். நம் வீட்டின் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அப்பாவுக்குக் கேட்கும், அவருக்குப் பாம்புச் செவி. இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், ஆனால் இந்த நேரத்தில் நீ ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பாய். விடுமுறை நாள், கடையில் கூட்டம் இருக்கும், வர நேரமாகும். சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இந்த வயதில் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுத வைத்துவிட்டாய், நன்றாக இரு.

முதலில் வீட்டுச் சங்கதி. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டுகிறார். உன் சித்தி ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், இதுவரை அடுத்த வீட்டுப் பூந்தொட்டிகளும் தபால் பெட்டியும் பலி, கேட்டால் "வண்டிதான் திரும்ப மாட்டேங்குதுக்கா, நான் என்ன பண்ணட்டும்" என்று வண்டியின் தலையில் பழியைப் போடுகிறாள். கீழ் வீட்டுத் தையல்காரர் உன் நீலக் கோட்டுக்குப் புது ஜிப் வைத்துவிட்டார், இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன், குளிரில் அதைப் போட்டுக்கொள், அழகு பார்த்து அலமாரியில் தொங்கவிடாதே. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் கோள் சொன்னதாக நினைத்துச் சண்டைக்குப் போகாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஒரு வாய் ரொட்டியாவது தின்றுவிட்டுப் படு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டாயே, "அப்பா எனக்குப் படம் அனுப்பறதே இல்லையே, நான் இங்கயே தங்கிட்டேன்னு கோவமாம்மா" என்று. நான் அப்போது மழுப்பிவிட்டேன், அதெல்லாம் ஒன்றுமில்லை, வேலை இருக்கிறது என்றேன். ரிட்டயர் ஆன மனிதருக்கு என்ன வேலை என்று நீ கேட்காமல் விட்டாய், அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் எடுத்த ஒரு பருந்தோ வல்லூறோ படமாக உனக்குப் பறந்து வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது, அதுவும் நீ அங்கேயே இருக்கப் போகிறாய் என்று சொன்ன சமயத்தில் நின்றது. உன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நானே முதலில் அப்படித்தான் நினைத்தேன். மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த நீள லென்ஸைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினால் வேறு என்ன நினைப்பது? ஒருநாள் நேராகவே கேட்டேன், பிள்ளைமேல் கோபத்தை லென்ஸ்மேல் காட்டாதீர்கள் என்றேன். மனிதர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் சலசலவென்று ஆடியது, ஃபேன் காற்று என்று நினைத்தேன். ஃபேன் ஓடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த நாள் அவர் வெளியே போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். கடைசியாக எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. வெறும் வானம். அடுத்த படமும் வெறும் வானம். அப்புறம் ஒரு வால் நுனி, பாதி இறக்கை, மறுபடி வானம். தள்ளத் தள்ள வானமாகவே வந்தது வாண்டு. பறவை எப்படிப் பறந்தாலும் கேமராக் கண்ணாடியின் நட்டநடுவில் பிடித்து நிறுத்துகிற மனிதர், அவரோடு பறவை பார்க்கப் போகிற கோஷ்டியில் எல்லாரும் தங்கள் படம் சரியா என்று இவரிடம்தான் காட்டுவார்கள். நில அளவைக்காரர் ஆயிற்றே, மயிரிழை பிசகினாலும் தூக்கம் வராதே அவருக்கு. அன்று சாயங்காலம் டீயைத் தம்ளரில் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். எடுக்கவே இல்லை. ஆறட்டும் என்றார். ஆறிப் போன பிறகும் எடுக்கவில்லை. "நடுங்குதா" என்று கேட்டேன். "ஆமா" என்றார், அவ்வளவுதான்.

பதறாதே, டாக்டரிடம் போய்விட்டோம், எல்லாப் பரிசோதனையும் எடுத்தாகிவிட்டது. உயிருக்கோ நடமாட்டத்துக்கோ ஒரு பயமும் இல்லை என்றார் அந்த டாக்டரம்மா. சும்மா இருக்கும்போது நடுங்காதாம், எதையாவது பிடித்தால், எழுதினால், தூக்கினால்தான் நடுங்குமாம், சிலருக்கு வயதானால் இப்படி வருமாம். மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், முழுக்கப் போகாது என்று மறைக்காமல் சொன்னார். ஸ்டாண்டில் வைத்து எடுக்கலாமே என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது சரி. பறக்கிறதை விரட்டிப் பிடிக்க லென்ஸைத் தள்ளித் திருப்ப வேண்டும், இவர் கை பட்டதும் ஸ்டாண்டும் சேர்ந்து ஆடுகிறது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "வாண்டுகிட்ட சொல்லிடாத. பயந்துகிட்டு மூட்டையக் கட்டிட்டு வந்து நிப்பா. இப்பத்தான் அவளுக்கு அங்க ஒரு இடம் கிடைச்சிருக்கு." கேட்டுக்கொண்டாயா? நீ அங்கே தங்கியதில் கோபம் என்று நீ நினைத்தாய். நீ அங்கே தங்க வேண்டுமே என்றுதான் மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே அச்சு, மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டீர்கள், நடுவில் நான் கிடந்து அல்லாட வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் இருந்த இருப்பை என்னால் சகிக்க முடியவில்லை. பால்கனியில் நிற்பார், ஏதாவது மேலே வட்டமிட்டால் பார்ப்பார், உள்ளே வந்துவிடுவார். என் மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார். அன்றைக்குத்தான் பொறுமை போயிற்று. அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சொல்லிக் கொடுங்கள் என்று நின்றேன். ஒரு கைக்குழந்தைக் கனம் இருக்கிறது அந்த லென்ஸ். "உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்றார். டப்பாக்களுக்கு எதுக்கு அந்த வம்பு என்றேன். சிரித்துவிட்டார். எத்தனை நாள் கழித்துச் சிரித்தார் தெரியுமா!

மொட்டை மாடியில் பருந்துகளை வைத்துத்தான் பாடம். முதல் நாள் மூடியைக் கழற்றாமலே அரைமணி நேரம் எடுத்தேன், அதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. அப்புறம் பறவையைக் கண்ணாடிக்குள் பிடித்ததும் அதன் அழகில் சொக்கிப்போய் பட்டனை அழுத்த மறந்துவிடுவேன். "படத்த எடுன்னா தரிசனம் பண்ணிட்டு நிக்கிறியே" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒன்று, காலை ஊன்றிக்கொண்டு இடுப்புக்கு மேலே மட்டும் திரும்ப வேண்டும், அப்போதுதான் பறவையோடு லென்ஸ் வழுக்கிக்கொண்டு போகும் என்றார் பார், அது மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. வேலைக்காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று முன்னும் பின்னும் திரும்பி டிக்கெட் கிழித்தவள் நான். "எங்கடி கத்துக்கிட்ட" என்று கேட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டேன் என்றேன். இறக்கை முழுசாக விழுந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு என்னைவிட அவர்தான் அதிகம் குதித்தார்.

இனி பெரிய சங்கதி. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி இருக்கிறதே, தண்ணீர் நிறைந்து கிடக்குமே, அதன் எதிர்ப் பாறையில் ஒரு ராஜாளி ஜோடி குடியிருக்கிறது. அப்பாவின் தீராத ஆசை அது. எப்போதும் கீழேயிருந்து வயிற்றைத்தான் எடுக்க முடிகிறது, மேலே விளிம்பில் நின்றால் நமக்குக் கீழே பறக்கும், முதுகை எடுக்கலாம் என்பார். இரண்டு தடவை போய்ச் சும்மா திரும்பினோம், ஒருநாள் அது எங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிலைகொள்ளாமல் இருந்தது என்று அப்பா என்னைக் கிளப்பிவிட்டார். அதற்குத் தொந்தரவு என்றால் படம் வேண்டாம் என்பது அவர் சட்டம். மூன்றாவது தடவை அது எங்களைச் சட்டையே செய்யவில்லை. நான் கண்ணை லென்ஸில் வைத்து நின்றேன், விளிம்புப் பக்கம் நகர்ந்துவிடப் போகிறேன் என்று அப்பா பின்னால் நின்று என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். வார் வழியாக அவர் கை நடுங்குவது என் முதுகில் தெரிந்தது. லென்ஸில் கண் வைத்தவளுக்கு அந்தப் பறவையைத் தவிர உலகமே தெரியாது, காற்று எந்தப் பக்கம், ஜோடி எங்கே, எல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். கை வலித்து உயிர் போனது. இறக்கிவிடட்டுமா என்றேன். "இறக்காத. குனியுது பாரு, வாலத் தூக்குது, இப்ப வெளிக்குப் போகும், போனதும் கிளம்பும்" என்றார். சிரிக்காதே, பயணத்துக்கு முன்னால் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுமாம், நம் வீட்டிலும் ஊருக்குக் கிளம்பும்போது நடப்பதுதானே. ஒரு பறவை எப்போது வெளிக்குப் போகும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டிவரும் என்று கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். அவர் சொன்னபடியே வெள்ளையாகப் பீய்ச்சியது. "இடது பக்கம், காத்துக்கு எதிரா, இப்ப" என்றார். இடது பக்கம்தான் விழுந்தது, இறக்கையை விரித்தது, எனக்குக் கீழே தண்ணீருக்கு மேலே அப்படியே மிதந்து போனது, நான் பட்டனை விடவே இல்லை. அவர் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, சொன்ன திசை மட்டும் தப்பவில்லை.

அந்தப் படம்தான் கோட்டுக்கு அடியில் அட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது, மடங்காமல் எடு. முதுகின் பழுப்பில் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது பார், நன்றாக வளர்ந்த ராஜாளிக்குத்தான் அது இருக்குமாம். கீழே தண்ணீரில் தெரிவது அதன் நிழல். வேண்டுமென்றே எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், நிழல் இருந்ததே வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. இதை வாண்டுக்கு அனுப்புங்கள் என்று நச்சரித்தேன். "நான் எடுத்ததா இருந்தா அனுப்புவேன், பொய் சொல்லி அனுப்பணுமா" என்றார். அவர் அனுப்பப் போவதில்லை, அதனால்தான் நானே

கையும் களவுமாகப் பிடிபட்டேன் வாண்டு. கடையில் கூட்டமே இல்லையாம். பின்னால் வந்து நின்றது தெரியவில்லை, எழுதிய தாள்களை எல்லாம் எடுத்து ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தார். சொல்லாதே என்றதை மீறிவிட்டேனே, கத்தப் போகிறார் என்று நினைத்தேன். டப்பா விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம் என்றார். அப்புறம், "அவ நான் கோவமா இருக்கேன்னா நெனச்சா? நெஜமாவா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். ஆமாம் என்றேன். முகம் சின்னதாகப் போய்விட்டது அவருக்கு. தாள்களை என் முன்னால் வைத்து, "கீழ கொஞ்சம் எடம் விடு, நான் எழுதறேன்" என்றார். அதனால் சீக்கிரம் முடிக்கிறேன், இல்லாவிட்டால் மனசு மாறினாலும் மாறிவிடும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, மனம் நிறைந்து வாழ வேண்டும். நினைவு வைத்துக்கொள், இதைப் படித்ததும் டிக்கெட் போட்டு ஓடிவராதே, லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். போனில் கை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்காதே, ராஜாளியைப் பற்றிக் கேள், கையைப் பற்றி அவரே சொல்வார். தூங்கும் முன் சாப்பிடு.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா

வாண்டு,
எழுத்து ஆடுகிறது, கூட்டிப் படித்துக்கொள். கோபம் இல்லை, எந்த நாளும் இருந்ததில்லை. நீ அங்கேயே இரு. படம் அம்மா எடுத்தது. பறக்கப் போகிறது என்று சொன்னது நான்.
அப்பா