சர்வருக்குப் போர்த்திய சால்வை

கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் எப்படி? நோர்வூட்டில் மழை விட்டதா? அப்பாவின் இருமல் குறைந்ததா?

எங்கள் கம்பனி எழுதும் மென்பொருளின் நிரல் வெளியே போகவே கூடாது. யார் எதை மாற்றினாலும், பழையதும் புதியதும் ஆபீஸிலுள்ள சர்வர் என்ற ஒரே பெரிய கம்ப்யூட்டரில்தான் சேரும். அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். போன வாரம் அது இருக்கும் அறையின் ஏசியில் ஈரம் கசிந்தது. பனி இறங்கினால் நீங்கள் டிவியைத் துணியால் மூடுவீர்களே, அந்தப் பழக்கத்தில் நீங்கள் தந்த சால்வையைச் சர்வருக்குப் போர்த்திவிட்டேன். சூடு தாங்காமல் சர்வர் நின்றுபோனது. எல்லோருடைய வேலையும் நின்றது.

"என்ன பிள்ளை, அதுக்கும் குளிருதா?" என்று எங்கள் மேலாளர் பைஸர் சேர் சிரித்தார். எதுவும் அழியவில்லை, பயப்படாதீர்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவிலும் எழுந்துபோய், காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல அதைத் தொட்டுப் பார்க்கிறேன்.

சால்வையில் இப்போது மெஷின் வாடைதான் அடிக்கிறது. வினோஜன் அண்ணன் இங்கே வரும்போது வேறொன்று கொடுத்தனுப்புங்கள். புதிது வாங்க வேண்டாம், நீங்கள் போர்த்துவதே போதும்.

சேர் கூப்பிடுகிறார், போகிறேன். அனுப்பும்முன் அந்தச் சால்வையைத் துவைத்துவிடாதீர்கள், அம்மா.

உங்கள் மகள்
சர்மிளா