ஆறு கறுப்புக் குமிழ்கள்

மகள் விறாந்தையில் இருந்து நகம் பூசிக்கொண்டிருக்கிறாள். அந்த மணம் அறைக்குள் வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதவைச் சாத்தினேன், திறந்தேன், கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினேன். "அப்பா, ஏன் சும்மா உலாத்திறியள்? மணக்குதெண்டால் நான் வெளியில போறன்" என்கிறாள். மணக்கிறதுதான். நகப்பூச்சு மணத்தால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு நினைவு வரும். எனக்கு மட்டும் ஒரு பழைய காரின் டாஷ்போட் நினைவு வருகிறதே, அதை அவளுக்கு எப்படிச் சொல்ல? அதனால்தான் அவளைப் பெற்ற உமக்கு எழுதக் குந்தியிருக்கிறேன். நீர் போய் இரண்டு வருடமாகிறது. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உமக்குத் தெரியும். பிழை பிடிக்காமல் வாசியும்.

சண்டையில் இடம்பெயர்ந்து அலைந்து, தீவில் கரம்பொனுக்கு நாங்கள் திரும்பி வந்தபோது உம்முடைய அப்பாவின் வீட்டுக் கூரை பாதிதான் மிச்சமிருந்தது. பின்வளவில் கார்க்கொட்டில் சரிந்து, கூரையின் தென்னங்கிடுகுகளுக்குக் கீழே அவருடைய இத்தாலிக் கார் கிடந்தது. ரயர் இல்லை, பற்றரி இல்லை, இருக்கைப் பஞ்சுக்குள் எலி குடும்பம் நடத்தியது. நான் அதைப் பழைய இரும்பாகத்தான் பார்த்தேன். நீரோ கதவை இழுத்துத் திறந்து, எலியைக் கலைத்துவிட்டு, முன் இருக்கையில் ஏறி இருந்துகொண்டீர்.

"இஞ்சருங்கோ, இது ஓடும்."

"எங்க ஓடும்? இரும்புக் கடைக்கோ?"

நீர் சிரிக்கவில்லை. அப்போது உமக்கு மூன்று மாதம். முதற்பிள்ளையை இடம்பெயர்ந்த இடத்தில், வாகனம் வரும் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தே பறிகொடுத்தவர்கள் நாங்கள். இந்த முறை வெட்டித்தான் எடுக்க வேண்டும், வலி தொடங்கினால் உடனே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணம் போவதென்றால் பண்ணைப் பாலத்தால்தான் போகலாம். பின்னேரத்தோடு பஸ் நின்றுவிடும். பொழுதுபட்டால் கெஞ்சிக் கேட்டாலும் ஒருவரும் வாகனம் எடுக்க மாட்டார்கள். எங்களுக்கென்று ஒரு வாகனம் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் கைக்கு வராது என்று நீர் நினைத்தீர். நானும் அதைத்தான் நினைத்தேன், வாயால் சொல்லப் பயந்தேன்.

சரவணையிலிருந்து மெக்கானிக் செல்வண்ணையைக் கூட்டி வந்தேன். அவர் எஞ்சினை இறக்கிக் கழுவி, லொறியில் கழற்றியதையும் ட்ரக்டரில் கழற்றியதையும் வைத்துக் கட்டி, ஒருவழியாக ஓட வைத்தார். முதல்நாள் அது இருமிய இருமலில் பக்கத்து வளவுக் கோழிகள் வேலி பாய்ந்தன. ஆனால் டாஷ்போட்டுக்கு வந்ததும் மனுசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வரிசையாக ஆறு குமிழ்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அளவு, இழுத்தால் வேலை செய்கிற மாதிரி. மேலே எழுத்துமில்லை, படமுமில்லை. பின்பக்கம் வயர்களை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சமிருந்த நுனிகளும் நிறம் செத்து மண்ணிறமாய்த் தொங்கின.

"தங்கச்சி, இங்கிலீசுக் காரெண்டால் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவன். இது எனக்கு ஏலாது. இந்தக் காரை ஓட்டின கொப்பர் இருந்திருந்தால் எது எதெண்டு சொல்லியிருப்பார்."

"நீங்கள் எஞ்சினைப் பாருங்கோ அண்ணை. இதை நான் பாக்கிறன்" என்றீர்.

கல்யாணத்துக்கு முதல் தபாற்கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நீர். எந்தத் துளையில் எந்த வயரைக் குத்தினால் எந்த வீட்டில் மணி அடிக்கும் என்று நாள் முழுக்கப் பார்த்த கை. மாமரத்துக்குக் கீழே காரைத் தள்ளி வைத்து, ரோச் பல்பும் ஒரு பற்றரியும் மடியில் வைத்துக்கொண்டு, வளர்ந்துவரும் வயிற்றோடு டாஷ்போட்டுக்குக் கீழே குனிந்து குனிந்து தேடினீர். நீர் உள்ளே, நான் வெளியே.

"இஞ்சருங்கோ, இப்ப என்ன எரியுது?"

"ஒண்டும் எரியேல்லை."

"பின்னுக்குப் போய்ப் பாத்தனீங்களோ?"

"இப்பத்தானே பின்னாலயிருந்து வாறன்!"

"அப்ப நீங்கள் முன்னுக்கு வரேக்கை அங்க எரிஞ்சிருக்கும். திரும்பிப் போங்கோ."

காரைச் சுற்றி நான் ஓடிய ஓட்டத்துக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்தே போய் வந்திருக்கலாம். எனக்கு ஆத்திரம் வந்தது. வலையோடு கடலுக்குப் போகக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் விட்டுவிட்டு ஒரு குமிழுக்குப் பின்னால் அலைகிறேனே என்று வாய்விட்டும் சொன்னேன். நீர் தலையை வெளியே நீட்டி, "கடல் நாளைக்கும் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டீர்.

ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஒன்று முன்லைற். ஒன்று மழைத் துடைப்பான். ஒன்று குளிரில் எஞ்சினைக் கிளப்புகிற சோக். ஒன்று ஸ்டாட்டர். இன்னொன்று காருக்குள் எரிகிற உள்லைற். ஆறாவதன் பின்னால் எதிலும் சேராத ஒரு கம்பி தொங்கியது. நீர் அதை விடவே இல்லை. சாப்பிடும்போதும் அதைப் பற்றித்தான் கதை. கடைசியில், "இது பரலோகத்துக்கு எடுக்கிற ட்ரங்க் கோல். எவ்வளவு அடிச்சாலும் ஆரும் எடுக்கினமில்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கைவிட்டீர்.

பிறகுதான் நகப்பூச்சு. கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய பெட்டியில் நிறம் நிறமாகச் சின்னப் போத்தல்கள் இருந்தன. ஒருநாளும் நகம் பூசாத நீர், குமிழுக்கு ஒரு நிறமாகப் பொட்டு வைத்தீர். முன்லைற்றுக்குச் சிவப்பு, உள்லைற்றுக்கு றோசா, ஸ்டாட்டருக்கு ஊதா. கார் கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி இருந்தது.

இவ்வளவு பாடும் பாலத்தடி ஆமிக் காவலரணுக்காக. இருட்டில் அதை நெருங்கும்போது முன்லைற்றை அணைத்து உள்லைற்றைப் போட வேண்டும், உள்ளே இருக்கிறவர்களின் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த ஒழுங்கு தீவில் எல்லோருக்கும் பாடம். பிந்தினால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மற்றக் கார்களில் உள்லைற் கூரையில் இருக்கும், கை தானாகப் போகும். எங்கள் காரில் அது ஆறு குமிழில் ஒன்று. அதனால் காலையில் கோப்பி குடித்ததும் எனக்குப் பயிற்சி. வளவில் வைத்த ஒரு தகரப் பீப்பாதான் எங்களுக்குக் காவலரண். "சிவப்பை அமத்துங்கோ, றோசாவை இழுங்கோ. சிவப்பு, றோசா." மந்திரம் போலப் பாடமாக்கினேன்.

வலி குறித்த நாளுக்கு முந்தியே வந்தது, பொழுதுபட்டு மைமலாகிற நேரத்தில். பக்கத்து வீட்டுத் திரேசாக்கா செபமாலையோடு பின் இருக்கையில் ஏறினா. உம்மையும் பின்னால் படுக்கச் சொன்னோம். "நான் முன்னுக்குத்தான் இருப்பன்" என்று பிடிவாதமாக ஏறினீர். வேலணை தாண்டும்போது நன்றாக இருண்டுவிட்டது. நீர் பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப் பிடியை முறுக்கிய சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

காவலரண் வெளிச்சம் கண்ணில் பட்டது. வேகத்தைக் குறைத்தேன். சிவப்பை அமத்தினேன். முன்லைற்றோடு டாஷ்போட்டின் சின்ன வெளிச்சமும் சேர்ந்து போய்விட்டது.

எங்கே றோசா? எங்கே மற்ற நிறங்கள்? எல்லாக் குமிழும் பழையபடி கறுப்பு. நாங்கள் வைத்த பொட்டெல்லாம் பகலுக்கு வைத்த பொட்டு. கையில் பட்டதை இழுத்தேன், மழைத் துடைப்பான் காய்ந்த கண்ணாடியில் கீச்சென்று உராய்ந்தது. அடுத்ததை இழுத்தேன், அது ஸ்டாட்டர். ஓடுகிற எஞ்சினில் அதை இழுத்தால் பற்சக்கரங்கள் பல்லோடு பல் அரைபடும். அந்தச் சத்தத்துக்கு வெளியே யாரோ சிங்களத்தில் கத்தினான், துவக்கின் குதிரையை இழுக்கும் ஒலி கேட்டது. திரேசாக்கா "மாதாவே" என்றா. என் கை அந்த வரிசையில் எங்கேயோ நின்றுவிட்டது.

அப்போது உம்முடைய கை வந்து என் கையைப் பிடித்தது. வேர்த்து, வலியில் இறுகிப் போயிருந்த கை. அது என் விரல்களை ஒரு குமிழுக்குக் கொண்டுபோய் வைத்து, சேர்த்து இழுத்தது.

உள்ளே வெளிச்சம் வந்தது. மூன்று முகங்களும் உம்முடைய வயிறும் தெரிந்தன. சென்றியில் நின்ற ஆமிக்காரன் நெருங்கி வந்து பார்த்தான். துவக்கைத் தாழ்த்தி, "போ, போ, கெதியா" என்று தெரிந்த தமிழில் கத்திக்கொண்டு பாதையை மறித்திருந்த பீப்பாவைத் தானே உருட்டி வழிவிட்டான்.

அந்தப் பிள்ளைதான் இப்போது விறாந்தையில் இடக்கை முடித்து வலக்கைக்கு வந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து பிள்ளையைப் பார்த்த பிறகு நீர் முதல் சொன்னது காரைப் பற்றித்தான். "பட்டப்பகலில மாமரத்துக்குக் கீழ இருந்து இருட்டுக்கு அடையாளம் வைச்ச மொக்கி நான். செல்வண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ." தையல் வலிக்க வலிக்கச் சிரித்தீர். வீட்டுக்கு வந்ததும் என் வலைப் பெட்டியிலிருந்து தங்கூசி நூலை எடுத்து உள்லைற்றுக் குமிழில் தடிப்பாகச் சுற்றி முடிச்சுப் போட்டீர், விரல் பட்டாலே தெரியும்படி. அது எனக்குத்தான். உமக்கு அது தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பாலத்தால் எத்தனை தரம் போய் வந்தோம். காவலரண் வரும்போது நான் முன்லைற்றை அணைப்பேன், உள்லைற்றை நீர் போடுவீர். கதைத்துக்கொண்டிருந்த கதையைக்கூட நிறுத்த மாட்டீர். சண்டை பிடித்துக்கொண்டு போன நாளிலும் அந்தக் கை சரியான இடத்தில் வரும், பிறகு சண்டை தொடரும். கடைசி வருடம் சிறுநீரக வருத்தத்தோடு கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது உம்முடைய விரல்கள் வீங்கியிருந்தன. நான் போடுகிறேன் என்றால் தட்டிவிடுவீர்.

நீர் போன அன்று, ஆஸ்பத்திரி அலுவல்களை என் தம்பியிடம் விட்டுவிட்டு, வீட்டில் ஒழுங்கு பண்ண நான் தனியே திரும்பினேன். காவலரண் வந்தது. முன்லைற்றை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். வெளியே கத்தின பிறகுதான் கையை நீட்டினேன். எங்களோடு பழக்கமான ஒருவன் எட்டிப் பார்த்து, "நோனா வரேல்லையா?" என்று உம்மைக் கேட்டான். "ஓம்" என்றேன். எதற்கு ஓம் என்று சொன்னேன் என்று அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

இந்த வருடம் சண்டை முடிந்துவிட்டது. போன கிழமை மைமலில் திரும்பி வரும்போது சென்றியில் நின்றவன், உள்லைற் இனித் தேவையில்லை, போங்கோ என்று கையைக் காட்டிவிட்டான். பின்னால் வந்தவர்களெல்லாம் சந்தோசமாகப் போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. யாரில் கோபம் என்று தெரியாமல் வேலணை வரைக்கும் கோபத்தோடேயே ஓட்டினேன். வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கி, படலையைத் திறந்துகொண்டு, "இஞ்சரும், தேத்தண்ணி இருக்கோ?" என்று குசினியைப் பார்த்து உம்மைக் கூப்பிட்டுவிட்டேன். மகள் வெளியே வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்லைற் போட்டால் வெளியே தெரு தெரியாது, உமக்குத் தெரியும். முன் கண்ணாடியில் காருக்குள் இருப்பதுதான் தெரியும். இரண்டு வருடமாக அதில் நான் மட்டும் இருந்தேன், பக்கத்தில் வெறும் இருக்கை. அன்று ஒருநாள்தான் அதைப் பார்க்காமல் வந்தேன். அதனால் இப்போது யாரும் கேட்காவிட்டாலும் அந்த இடத்தில் நான் உள்லைற்றைப் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். நீர் இல்லை என்பதைப் பாலத்தடியில் ஒருக்கால் பார்த்துவிட்டு வந்தால்தான், வீட்டில் வந்து உம்மைக் கூப்பிடாமல் இருக்க முடிகிறது.