பழைய சிம் அப்படியே இருக்கட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் கோபமும் சற்று மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடப் போன கதையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. உங்களிடம் இருக்கும் என் பழைய சிம்முக்குத்தான் வங்கியின் ஓடிபி வரும். எனக்கோ சளியால் குரல் கட்டியிருந்தது. ஆய்வகத்து போனிலிருந்து வேறு கூப்பிட்டேன். நீங்கள் விடவில்லை.

"யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு. நீ யாரு?"

"உங்க பொண்ணுப்பா."

"ஏமாத்துறவங்களும் அப்படித்தான் சொல்வாங்க. என் பொண்ணு சின்ன வயசுல எதை முழுங்கினா?"

"சட்டைப் பொத்தானை!"

நீங்கள் நம்பி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. அடுத்ததற்கும் அதே விசாரணை. கடைசியில் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

நேற்று வங்கி அதிகாரியிடம் பேசித் திறந்தாயிற்று. "உங்க வெளிநாட்டு நம்பரையே பதிஞ்சுடலாமே மேடம், அப்பாவுக்கும் தொந்தரவு இருக்காது" என்றார். இங்கே நம்பர் அடிக்கடி மாறும் என்று ஏதோ சொல்லி, வேண்டாம் என்றுவிட்டேன்.

சளி போய்விட்டது, சளி பிடித்திருந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். பழைய சிம்முக்கு மறக்காமல் ரீசார்ஜ் செய்யுங்கள். இனி மாதாமாதம் மொத்தமாகப் போடாமல், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம் என்றிருக்கிறேன். அதுதான் நல்லதாம்.

ஓடிபியைச் சொன்னதும் போனை வைத்துவிடாதீர்கள். பணம் போய்ச் சேரும்வரை லைனில் இருங்கள். சில நாள் அதற்கு ரொம்ப நேரமாகும்.

வேலைக்கு மணியாகிவிட்டது.

பொத்தானை முழுங்கிய,
உங்கள் மகள்