சாயங்கால பஸ்ஸும் நைனாவின் படபடப்பும்

திருத்தணி,
10.6.2024

அன்பு மகள் மோனிகாவுக்கு,

நைனா எழுதுகிறேன். மஸ்கட் வெயில் தாங்க முடிகிறதா? வேளைக்குச் சாப்பிடு. போனில் சொல்ல நா எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நெஞ்சு படபடக்கிறது என்றேனே, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். பிறகு சித்த மருத்துவர் தபிதாளம்மாவிடம் போனேன். நாடி பிடித்தபடியே, "எப்பங்க படபடன்னு வருது?" என்று கேட்டார்.

"சாயங்காலம், ஆர்.கே.பேட்டை பஸ் வர்றப்போ."

"அதுல யாருங்க வர்றாங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்தார். "எங்க வைத்தியத்துல மனசு குடியிருக்கிற வீடே இதயம்தாங்க. உள்ள இருக்கறவங்கள அடச்சி வெச்சா, கதவத் தட்டிக்கினுதான் இருப்பாங்க. கஷாயம் தரேன். மொதல்ல வீட்ல சொல்லுங்க."

வீடு என்றால் எனக்கு நீதானே. அந்த பஸ்ஸில் வருவது அம்சா டீச்சர். கணவரை இழந்தவர். நம் துணிக்கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். உன் அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரிப்பது அப்போதுதான். உனக்குப் பிடிக்காவிட்டால் இதோடு விட்டுவிடுகிறேன்.

உன் நைனா,
ஹேமநாதன்


மஸ்கட்,
25.6.2024

அன்புள்ள நைனா,

முதலில் கோபம்தான் வந்தது. அம்மா படத்தைப் பார்த்து அழுதேன். அப்புறம், நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள் என்று எழுதியிருந்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

இருதய வார்டு நர்ஸ் நான். எனக்கு அன்றைக்கு ஈசிஜியை மட்டும் அனுப்பிவிட்டு, விஷயத்தை முதலில் டாக்டரம்மாவிடம் சொன்னீர்களே! அதுதான் என் வருத்தம். மற்றபடி எனக்கு முழுச் சம்மதம். டீச்சரிடம் சொல்லிவிட்டீர்களா, இல்லையா?

உங்கள் மகள்,
மோனிகா


திருத்தணி,
9.7.2024

அன்பு மோனிகா,

சொல்லிவிட்டேன்! மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "ஒடம்புல ஒண்ணும் இல்லயாம் டீச்சர். மனசுலதானாம். உங்களாலதான்" என்று உளறினேன். அவர் கிளம்பிப் போகும் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு, "ஆங், இத்தச் சொல்ல இத்தினி நாளா? எங்க வீட்டு ஸ்டாப்பு முன்னாடியே வந்துடுதுங்க. நான் எதுக்கு இங்க வந்து எறங்கி, திரும்பி நடந்து போறேன்னு நெனச்சீங்க?" என்றார்.

ஆவணியில் மலைமேல் முருகன் சன்னதியில் கல்யாணம். லீவு கேள். மீதியை டீச்சரே எழுதுகிறார்.

நைனா

அன்பு மோனிகா, என்னை நீ அம்மா என்று கூப்பிட வேண்டாம். அந்தப் பெயர் உன்னைப் பெற்றவருக்கே இருக்கட்டும். நீ வந்ததும் நமக்கென்று ஒன்றைப் பேசி வைத்துக்கொள்வோம். ஆனால் சீக்கிரம் வா. கல்யாணப் புடவையை உன் நைனா பொறுப்பில் விட்டால், கடையில் விற்காததை என் தலையில் கட்டிவிடுவார்.

அம்சா