நீங்கள் மாற்றிச் சொன்ன வீடு

சேர்,

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாம் மேலும் கீழுமாகக் குடியிருந்த கட்டடத்துக்கு எதிரே உள்ள தேவாலயத்தில் நேற்றுப் பழைய புத்தகங்கள் விற்றார்கள். மழைக்கு ஒதுங்கப் போனேன். ஒரு அட்டைப்பெட்டிக்குள் உங்கள் முகம் கிடந்தது, உங்கள் கடைசி நாவலின் பின்னட்டையில். வாங்கிவந்து ஹீட்டருக்கு மேல் காயவைத்தேன். சூடேற ஏற, உங்கள் அறை ஹீட்டரில் நீங்கள் காயப்போடும் தோடம்பழத்தின் செம்மஞ்சள் தோல்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் செத்து இத்தனை காலமாகியும் அந்த மணம் எனக்கு ஆகாது.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பில் அரச அலுவலகமான கச்சேரியில் தட்டச்சு செய்த நான், இங்கே ஆஸ்பத்திரிச் சலவையறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கோ கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கீழ்மாடியில் ஒரு தட்டச்சுக்காரி இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, நீங்களே வந்து கேட்டீர்கள். சனிக்கிழமைகளில் நீங்கள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அடிப்பதைவிட உங்கள் கதையைக் கேட்டதுதான் அதிகம். உலக யுத்தகாலத்தில் கப்பலின் ரேடியோ அறையில் திருகோணமலைத் துறைமுகத்தில் கிடந்தது, லண்டன் திரும்பி விண்வெளிக் கதைகள் எழுதியது, மூன்றாவது நாவலோடு பேர் வந்தது, பேரோடு திமிரும் வந்தது. மனைவிக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததென்று பின்னாலே வந்தீர்கள். அவர் உங்களை விட்டுப் போனார். பதிப்பாளரும் கைகழுவினார். பச்சைத் தோல் மனிதர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், என் மீன்குழம்பு மணத்துக்கு யன்னலைத் திறந்துவைப்பீர்கள். அதற்காக உங்களைக் கேலி செய்திருக்கிறேன். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

"ஒரு கிரகத்தைப் படைக்க வேண்டுமானால், அங்கே சாப்பிட்ட பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள் என்று முதலில் கேள்" என்பீர்கள். நல்ல பேச்சு. பூமியில் எதையும் கேட்காமல் இருந்ததுதான் உங்கள் கெட்டித்தனம். "உங்கள் நாடு எனக்குத் தெரியும்" என்று ஓயாமல் சொல்வீர்கள். கப்பல் தட்டில் நின்று பார்த்த நாடு!

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்கு எழுதிக் கொடுப்பாள், கலியாணம் கட்டுகிறவர் அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படித்தான் என் கணவரும் வந்தார். இராணுவம் எரித்தது என் வீட்டை. என்னை முதலில் இங்கே அனுப்பிவிட்டு, அவர் தன் அக்கா வீட்டுக்குப் போனார். போக்கிடம் இல்லாமல் போனார். வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அங்கே இருப்பு விருந்தாளி இருப்புத்தான். ஒருமுறை ஒரு கடையிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

"உனக்கு அங்க சரிவந்ததும் கூப்பிடு புள்ள. கூப்பிட்ட உடன வாறன்."

இதையெல்லாம் உங்கள் மேசைக்கு முன்னால் இருந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் தோடம்பழம் உரித்துக்கொண்டே கேட்டீர்கள்.

என் அகதி விசாரணைக்குச் சாட்சியாக வருகிறேன் என்று நின்றது நீங்கள்தான். நான் கேட்கவில்லை. ஆனால் சந்தோஷப்பட்டேன். வெள்ளைக்காரர், எழுத்தாளர், கழுத்துப்பட்டி, சட்டையில் யுத்தப் பதக்கம். நான் என் வீடு எரிந்தது என்று சொல்லி முடித்திருந்தேன். பிறகு உங்களைக் கேட்டார்கள். வாய் கூசாமல் சொன்னீர்கள், இவளுடைய கணவரின் வீட்டை எரித்துவிட்டார்கள் என்று. விசாரித்தவர் பேனையைக் கீழே வைத்தார். வீடு யாருடையது? கணவருக்கு வீடு இருந்ததென்றால் அவர் இப்போது அக்கா வீட்டில் என்ன செய்கிறார்? இதிலேயே பொய்யென்றால் மிச்சத்தை எப்படி நம்புவது? வீடு என்னுடையதுதான் என்று நான் சொல்லச் சொல்ல, பயந்துபோய்ப் பேச்சை மாற்றுகிறவள் போலத் தெரிந்தேன். மறுவிசாரணைக்குத் தள்ளிவைத்தார்கள்.

மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே வந்து மெல்லச் சொன்னார்: "அவர் மாத்திச் சொல்லிப்போட்டார் தங்கச்சி. எனக்கு விளங்கினது. ஆனா நான் அதுக்குள்ள கதைக்கேலாது."

மெட்ரோவில் உங்களைக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"அவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று எளிதாக்கினேன். வீடு மனைவியுடையது என்று எழுதினால் என் வாசகர்களே நம்பமாட்டார்கள்" என்றீர்கள். அதைச் சொல்லும்போதும் உங்கள் முகத்தில் ஒரு தப்புச் செய்த சாயல் இல்லை. அதை நான் மறக்கவில்லை.

மறுவிசாரணை வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் அக்கா வீட்டு ஒழுங்கையை இராணுவம் சுற்றிவளைத்து ஆண்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. என் கணவர் திரும்பவில்லை. பிறகு என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அப்போது கூப்பிட ஆளில்லை.

உங்கள் பக்கம் நான் பிறகு வரவில்லை. கதவைத் தட்டினீர்கள், திறக்கவில்லை. வாசலில் தோடம்பழப் பை வைத்துவிட்டுப் போனீர்கள். அதைக் குப்பையில் போட்டேன். உங்கள் சவப்பெட்டியை இறக்கிக்கொண்டு போன அன்றும் யன்னலால் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

இன்று அந்தப் புத்தகத்தை வாசித்து முடித்தேன். நான் வராமல் விட்ட பிறகு நீங்கள் எழுதி, வேறொரு பதிப்பாளர் போட்டது. சிவப்பு வானம் உள்ள ஒரு கிரகம். அங்கே வீடுகள் பெண்களுக்கு, ஆண்கள் ஒரு மூட்டையோடு அவர்கள் வாசலுக்கு வருகிறார்கள். யாரும் காணாத கற்பனை என்று பின்னட்டையில் உங்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். என் அம்மா எனக்குத் தந்த வீடு, சேர், உங்களுக்குக் கற்பனையாகிவிட்டது. வாசகர்கள் நன்றாகத்தான் நம்பியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண் சபைக்கு முன்னால் நின்று எரிந்தது என் வீடு என்கிறாள். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் விண்கப்பலின் கதவு திறக்கிறது, அவளுடைய புருஷன் இறங்கி வருகிறான்.

இதுதான் நீங்கள் கேட்ட மன்னிப்பா? நான் கதவைத் திறக்கவில்லை என்பது உண்மை. வெளியே நின்றே சொல்லியிருக்கலாம். எனக்கு இங்கிலீஷ் விளங்கும். உங்கள் கிரகத்தில் அவனை இறக்கிவைத்ததால் என் மனம் ஆறவில்லை, இன்னும் எரிகிறது.

விசாரணை தள்ளிப்போனதென்று நான் எழுதிய கடிதம் மட்டக்களப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. அக்கா பிறகு சொன்னார். அந்த வருடம் முழுக்க என் கணவர் தபால்காரர் வரும் நேரம் வாசல் படலையில் போய் நிற்பாராம். நான் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் அந்த லொறியில் ஏறியிருப்பார். எனக்கு மிஞ்சியது அதுதான், சேர்.